ஏணியில் ஏற மறுக்கும் சொற்கள்

ஜப்பானிய மொழியின் மேல்நிலைத் தேர்வுக்குப் படிப்பவர்களிடையே ஒரு தாள் புழங்குகிறது. தமிழ் படித்து அதையே கற்பித்துப் பிழைக்கும் நாங்கள் மூவர், நாற்பதைத் தாண்டிய வயதில் ஜப்பானியம் கற்கும் அசட்டுத் துணிச்சலோடு ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தபோது எங்களுக்கும் அது கிடைத்தது. ஓர் ஏணியின் படம். ஏழு படிகள். அடிப்படியில் 'சோத்தோ', கொஞ்சம். அதற்கு மேலே 'கனரி'. பிறகு 'தொத்தெமோ', 'ஹிஜோனி', 'கிவமெத்தே', 'ஹனஹதஷீ'. உச்சிப்படியில் 'மோரெட்ஸு'. எதிரே தமிழில் மிக, மிகவும், மிகமிக, மிகமிகவும் என்று யாரோ ஒரு புண்ணியவான் பொருள் எழுதி வைத்திருக்கிறார். நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், ஐந்தாவது கொஞ்சம் அதிகம் என்பார்கள். எதில் அதிகம், யாருக்கு அதிகம் என்ற கேள்வி அந்த வகுப்பில் எழுந்ததே இல்லை.

இந்த ஏணி ஒரு பொய் என்பதே நம் கட்சி. கற்பவனின் வசதிக்காகச் சொல்லப்படும் சிறு பொய் என்று பலர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். நம்மால் முடியவில்லை. மிகுதியைச் சொல்லும் ஜப்பானியச் சொற்கள் ஒரே பொருளின் கூடுதல் குறைவுகளாக அடுக்கி வைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில பெயர்ச்சொற்களோடு மட்டுமே உறவாடும். அந்த உறவை அறுத்துச் சொல்லை மட்டும் எடுத்துப் படியில் வைத்தால் மிஞ்சுவது சொல்லின் தோல்தான்.

முதலில் எங்கள் மானம் போன கதை. எங்களில் ஒருவர், தமிழ் கற்றுவரும் முதியவரான ஜப்பானிய அறிஞர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் தமிழ் பெரிதும் வளர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஏணியைப் பார்த்தார். மரியாதைக்குரியவர் அல்லவா, உயரமான படியிலிருந்தே எடுப்போம் என்று ஆறாம் படியின் 'ஹனஹதஷீ'யை எடுத்து வளர்ச்சிக்கு முன்னால் வைத்தார். அனுப்புமுன் எங்கள் ஆசிரியையிடம் காட்டினார். அந்த அம்மையார் படித்தார், சற்று நேரம் பேசாதிருந்தார், பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து, "சோத்தோ..." என்றார். அவ்வளவுதான். வாக்கியம் முடியவில்லை.

அடிப்படியில் 'கொஞ்சம்' என்று பொருள் எழுதப்பட்டிருந்த சொல் அது. ஆசிரியை அதைச் சொன்ன விதத்தில் அதன் பொருள் 'இது கூடவே கூடாது' என்பது. ஜப்பானியர் ஒருவர் நம் அழைப்புக்கு விடையாகச் 'சோத்தோ' என்று இழுத்தால் அதற்கு மேல் வற்புறுத்தாமல் எழுந்து வருவதே நாகரிகம். ஏணியின் மிகக் கீழான படி, அந்த மாலையில், எங்கள் தலைக்கு மேலே தொங்கியது.

'ஹனஹதஷீ'யில் என்ன பிழை? இன்றைய வழக்கில் அது பெரும்பாலும் கெட்டதன் மிகுதி. தவறான புரிதல், சேதம், பொறுப்பின்மை ஆகியவற்றோடு சேர்ந்து வரும். ஒருவர் நம்மை அடியோடு தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று எரிச்சலோடு சொல்லும்போது வருகிற சொல். வளர்ச்சியோடு இயல்பாகச் சேர்வது 'இச்சிஜிருஷீ': கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மாற்றத்தின் மிகுதி. எண்ணிக்கை மலைக்க வைத்தால் 'ஒபித்ததஷீ'. கரையில் ஒதுங்கிய குப்பைக்கும், வழிந்தோடிய குருதிக்கும், திரண்ட கூட்டத்துக்கும் அது பொருந்தும்; முன்னேற்றத்துக்குப் பொருந்தாது. மூன்றும் அகராதியில் 'மிகுந்த' என்றே நிற்கின்றன. நடைமுறையிலோ ஒன்று குற்றம்சாட்டுகிறது, ஒன்று சாட்சி சொல்கிறது, ஒன்று எண்ண முடியாமல் கைவிடுகிறது. நல்லவேளையாக எங்கள் நண்பரின் கடிதம் அஞ்சலில் சேரவில்லை. சேர்ந்திருந்தால் அந்தப் பெரியவர் தம் தமிழின் வளர்ச்சி ஏதோ ஒரு நோயின் பரவல் என்று நினைத்திருக்கக்கூடும்.

உச்சிப்படியில் இருக்கும் 'மோரெட்ஸு'வைப் பார்ப்போம். அதன் பின்பாதியான 'ரெட்ஸு' ஒரு சித்திர எழுத்து. அடியில் நான்கு புள்ளிகள், அவை தீயைக் குறிப்பவை. இந்தத் தீயெழுத்துக்கு ஒரு பெரிய குடும்பமே உண்டு. 'ஷிரெட்ஸு' என்றால் போட்டி கொழுந்துவிட்டு எரிகிறது. 'ட்ஸூரெட்ஸு' என்றால் விமரிசனம் சுரீரென்று தைக்கிறது. பேஸ்பால் வருணனையில் மட்டையிலிருந்து சீறிப் பறக்கும் பந்துக்கும் இதே சொல். 'ஸென்ரெட்ஸு' கலைஞனின் முதல் வருகைக்கும் மனத்தில் பதிந்த காட்சிக்கும் உரியது. 'க்யோரெட்ஸு' நாற்றத்துக்கும் குத்துச்சண்டை அடிக்கும் சிலருடைய ஆளுமைக்கும் வரும். 'ஸோரெட்ஸு' என்பது வீரச்சாவு. அந்தச் சொல்லோடு ஒருவரது முடிவைச் சொன்னால் அவர் களத்தில் விழுந்திருக்கிறார் என்று கேட்பவர் மனம் தானே வணங்கும். இந்த ஐந்தில் எது பெரியது, எது சிறியது? கேள்வியே அபத்தம். ஆனால் நாங்கள் பார்த்த பயிற்சி நூல் ஒன்று ஐந்தையும் ஒரே கட்டத்தில் போட்டு 'தீவிரமான' என்று ஒற்றைப் பொருள் தந்து முடித்துவிடுகிறது. அதை நம்பிய மாணவன் நாளை சாக்கடை நாற்றத்துக்கு 'ஷிரெட்ஸு' போடுவான். தேர்தல் போட்டிக்கு 'ஸோரெட்ஸு' போட்டு வேட்பாளர்களைக் கொன்றுவிடுவான்.

ஏணியின் இன்னொரு பொய், அதன் படிகள் அசையாதவை என்பது. இலக்கிய வாசகர்களுக்கு இது இன்னும் சுவையான விஷயம்; சற்றே விரிவாகப் பார்க்கலாம்.

இன்று ஜப்பானியத்தின் முதல் பாடத்திலேயே வரும் 'தொத்தெமோ' ஒரு காலத்தில் எதிர்மறை வினைக்காகவே காத்திருந்த சொல். எப்படிப் பார்த்தாலும் இயலாது என்பதில் உள்ள 'எப்படிப் பார்த்தாலும்' அது. 'ராஷோமோன்' கதையால் நமக்கு அறிமுகமான அகுதகவா ர்யூனொசுகே 1920களில் எழுதிய குறிப்பொன்றில், 'தொத்தெமோ குளிர்' என்று உடன்பாட்டில் சொல்லும் வழக்கம் தோக்கியோவில் சில ஆண்டுகளாகத்தான் பரவியிருக்கிறது என்று பதிவு செய்கிறார். 'ஜென்ஜென்' எதிர்த்திசையில் நடந்தது. நத்சுமே சோசெகி 1906இல் எழுதிய 'போச்சா'னில் அது உடன்பாட்டு வாக்கியத்திலேயே வருகிறது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதற்கு எதிர்மறைதான் முறை என்ற நம்பிக்கை வேரூன்றியது. இப்போது இளைஞர்கள் மறுபடி உடன்பாட்டில் வழங்கினால் பெரியவர்கள் மொழி கெட்டுவிட்டது என்று கண்டிக்கிறார்கள். சோசெகியையும் சேர்த்துக் கண்டிக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நம்மூர்ச் செந்தமிழ்க் காவலர்களின் முகங்கள் இந்த இடத்தில் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

'ஸுகொபுரு' இன்னும் வேடிக்கை. இன்று 'மிகவும்' என்று பொருள்படும் அந்தச் சொல் ஹெயான் காலத்தில் 'சிறிது' என்ற பொருளிலும் வழங்கியது. பேரழிவின் சீற்றத்தைச் சொல்லும் இன்றைய 'ஸுஸமஜீ'க்கோ வேறொரு முன்பிறவி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேய் ஷோனகொன் தம் 'தலையணைப் புத்தக'த்தில் இந்தச் சொல்லின் தலைப்பில் ஒரு பட்டியல் தருகிறார். அதில் பகலில் குரைக்கும் நாய் இருக்கிறது. பதவி கிடைக்குமென்று காத்திருந்து ஏமாந்தவரின் வீடு இருக்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்குச் சீற்றமே இல்லை. பருவம் தவறியவற்றின் முன்னால் மனம் சப்பென்று குளிர்ந்துபோகும் நிலைதான். 'யபாய்' முன்பு திருடர் புழங்கிய பேச்சில் ஆபத்தைக் குறித்தது. இன்று நல்ல சோற்றைச் சுவைத்த இளம்பெண்ணின் வாயில் அது பரவசம். ஜப்பானியப் பண்பாட்டு முகமை 2014ஆம் நிதியாண்டில் எடுத்த கருத்துக்கணிப்பில், 16 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதை இந்தப் பொருளில் வழங்குவதாகச் சொன்னார்கள். ஒரே சொல்லைப் பாட்டி அச்சத்தோடும் பேத்தி மகிழ்ச்சியோடும் சொல்லும் வீட்டில் ஏணியை எந்தச் சுவரில் சாத்துவது?

சரி, ஏணிக் கட்சிக்காரர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஜப்பானிய அரசே ஏணி வைத்திருக்கிறதே என்பார்கள். உண்மைதான். அந்நாட்டு வானிலை முகமை மழையை ஒரு மணி நேரத்துக்குப் பெய்யும் அளவால் பிரிக்கிறது. 20 மி.மீ.இலிருந்து 'ட்ஸுயோய்' மழை, 30இலிருந்து 'ஹகெஷீ' மழை, 50இலிருந்து 'ஹிஜோனி ஹகெஷீ', 80ஐத் தொட்டால் 'மோரெட்ஸு' மழை. வாளியைக் கவிழ்த்தாற்போல், அருவி விழுந்தாற்போல், மூச்சு முட்டுவதுபோல் என்று படிக்கொரு விளக்கமும் உண்டு. எவ்வளவு கறாரான ஏணி!

ஆனால் அதே முகமையின் காற்று அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே 'ட்ஸுயோய்' உண்டு, 'ஹிஜோனி ட்ஸுயோய்' உண்டு, 'மோரெட்ஸு' உண்டு. 'ஹகெஷீ' மட்டும் இல்லை. மழைக்கு இரண்டு படிகளில் நின்ற சொல் காற்றுக்கு ஒரு படியிலும் இல்லை. நிலநடுக்கத்துக்குப் போனால் ஏணி தலைகீழாகவே ஆகிறது. 1996 வரை நடுக்கத்தின் படிகளுக்குப் பெயர்கள் இருந்தன. ஐந்தாவது 'க்யோஷின்', வலிய நடுக்கம். ஆறாவது 'ரெஷ்ஷின்'; இதில் இருப்பது நாம் மேலே பார்த்த தீயெழுத்து. ஏழாவதும் இறுதியானதும் 'கெகிஷின்'. இதன் 'கெகி' வேறு எதுவுமில்லை, 'ஹகெஷீ'யை எழுதும் அதே எழுத்து. 1948இல் ஃபுகுய் நகரை நிலநடுக்கம் சிதைத்த பின், ஆறு படிகள் போதவில்லை என்று 1949இல் சேர்த்த படி அது. ஆக, மழையில் 'ஹகெஷீ'க்கு மேலே 'மோரெட்ஸு'வின் தீ. நடுக்கத்தில் தீக்கு மேலே 'ஹகெஷீ'. ஒரே அரசாங்கத் துறை, அதே இரண்டு எழுத்துகள், வரிசை மட்டும் மாறிவிட்டது. இயற்கையாகவே அச்சொற்களுக்குள் உயரம் இருந்திருந்தால் இப்படி நேர்ந்திருக்காது. உயரத்தை மழைமானியும் அதிர்வுமானியும் தந்தன. சொற்கள் அதைச் சுமந்தன, அவ்வளவே.

இதெல்லாம் சொல்லாராய்ச்சிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நண்பர்கள் சிலர் நினைக்கலாம். 1999 ஆகஸ்டில் கனகவா மாகாணத்தின் குரோகுரா ஆற்று மணல்திட்டில் கூடாரமிட்டுத் தங்கியவர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பதின்மூவர் இறந்தனர். அவர்களை வெளியேறச் சொல்லிப் பலமுறை எச்சரித்தார்கள்; அவர்கள் கேட்கவில்லை. சொல் ஒன்றே அவர்களைக் கொன்றது என்று நாம் கூற வரவில்லை. ஆனால் அந்த மழையைக் கொண்டுவந்த காற்றழுத்தத் தாழ்வுக்கு அன்றைய அதிகாரபூர்வமான பெயரில் 'யொவாய்' என்ற அடைமொழி இருந்தது. வலுவற்ற என்று பொருள். காற்றின் வேகத்தை அளந்து இட்ட அடைமொழி அது; மழையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. கேட்பவன் காதில் அந்த வேறுபாடு விழுமா? 2000 ஜூன் முதல் முகமை அந்த அடைமொழியை எடுத்துவிட்டது. புயல்களுக்கு வழங்கிய 'வலுவற்ற', 'நடுத்தரமான' என்பவையும் அதோடு போயின. ஏணியின் கீழ்ப்படிகளை வெட்டி எறிந்தார்கள் என்றே சொல்லலாம்.

2011 மார்ச் 11ஐ எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கம் தொடங்கி மூன்றே நிமிடங்களில் முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்தது. மியாகிக்கு 6 மீட்டர், இவாத்தேக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் என்று எண் சொன்னார்கள். வந்த அலை அந்த எண்களை மதிக்கவில்லை. பின்னர் அவை உயர்த்தப்பட்டன. அதற்குள் மின்சாரமும் தொடர்பும் அறுந்துபோன ஊர்கள் பல. இந்தக் கசப்பிலிருந்து பிறந்த மாற்றம் மொழி பயில்வோர் அனைவரும் அறிய வேண்டியது. நடுக்கத்தின் அளவை உடனே கணிக்க முடியாதபடி அது மிகப் பெரிதாக இருந்தால், முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கு வேண்டாம். 'க்யோதாய்' என்ற ஒரு சொல் போதும் என்று 2013 மார்ச்சில் விதி செய்தார்கள். பேருருவான, ராட்சத என்று நாம் சொல்லலாம். எண் தோற்ற இடத்தில் ஓர் அடைமொழியை நிறுத்தியிருக்கிறார்கள். நம் தாளில் அந்தச் சொல்லே இல்லை. இருந்திருந்தாலும் 'மிகப் பெரிய' என்ற பொருளோடு ஏதோ ஒரு படியில் தூங்கியிருக்கும். 'ஓடு, எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்காதே' என்பதை எந்தப் படி சொல்லும்?

அதே நாளில் இபரகி மாகாணத்தின் ஓஅராய் ஊராட்சி ஒலிபெருக்கியில் வழக்கமான பணிவு வினைகளை விட்டுவிட்டு வெறும் ஏவல் வினையில் மக்களை மேட்டுக்குப் போகச் சொன்னது. ஜப்பானியத்தில் அரசு குடிமக்களிடம் அப்படிப் பேசுவதில்லை. ஒரு மரியாதை விகுதியைக் குறைத்தே உச்சத்தை எட்டிவிட்டார்கள்.

மருத்துவமனைக்கு வருவோம். 2019 ஏப்ரலில் ஜப்பான் குறிப்பிட்ட திறன்கொண்ட அயல்நாட்டுப் பணியாளர்களுக்குத் தனி விசா வகையைத் தொடங்கியது; 2021 ஜனவரியில் இந்தியாவோடும் அதற்கான உடன்பாடு கையெழுத்தானது. முதியோர் பராமரிப்பும் அதில் ஒரு பணி. நமக்குத் தெரிந்த பெண்களும் அதற்கெனப் படிக்கிறார்கள். அவர்கள் கையிலும் இந்த ஏணித்தாள்தான். வலி, அதிக வலி, மிக அதிக வலி. ஆனால் ஜப்பானியக் கிழவி ஒருத்தி வலியை அப்படிச் சொல்லமாட்டாள். 'ஜுகிஜுகி' என்பாள்: நாடித் துடிப்போடு விண்விண்ணென்று தெறிப்பது. 'கிரிகிரி' என்பாள்: வயிற்றைத் துளைபோட்டுத் திருகுவது. 'ஹிரிஹிரி' தோல் எரிச்சல், 'கன்கன்' மண்டைக்குள் சம்மட்டி. இவற்றில் வலியின் வகையும் அளவும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இருக்கின்றன. நம் பாட்டிகளும் இப்படித்தான் பேசினார்கள். சுருக்கென்று குத்துகிறது என்பதும் கடுகடுக்கிறது என்பதும் ஒரே வலியின் ஏற்ற இறக்கங்கள் என்று எந்தத் தமிழ்ப்பெண்ணும் நினைக்கமாட்டாள். தன் தாய்மொழியில் இந்த நுட்பத்தை முழுதும் அறிந்த ஒரு பெண்ணிடம் அதை மறக்கடித்து எண்ணேணியைக் கையில் கொடுப்பது கல்வியா? (இதைச் சொன்னவுடன் தமிழும் ஜப்பானியமும் ஓரினம் என்ற ஓனோ ஸுஸுமுவின் கொள்கையை நினைவூட்டச் சிலர் துடிப்பார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இரட்டைக்கிளவியை ரசிக்க இரத்த உறவு தேவையும் இல்லை.)

இவ்வளவு பேசும் நாங்கள் யோக்கியர்களா என்று கேட்கலாம். இல்லை. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்ற ஆறும் மிகுதி என்ற பொருளைத் தரும் உரிச்சொற்கள் என்று ஆண்டுதோறும் எழுதிப்போட்டு, அதையே இரண்டு மதிப்பெண் வினாவாக்கித் திருத்தியும் கொடுக்கிறோம். 'நனிபேதை' வரும் இடத்தில் ஏன் 'கூர்பேதை' வராது என்று ஒரு மாணவன் கேட்டால், உட்காரடா என்போம். தொல்காப்பியரோ உரியியலில் தெளிவாகவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: உரிச்சொல்லின் பொருளை அதன் முன்னும் பின்னும் வரும் சொற்களை நாடி, ஒத்த சொல்லோடு சேர்த்தே உணர்த்த வேண்டும் என்பது அவர் விதி. அந்த நூற்பாவையும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம், அடுத்த நிமிடமே ஆறு சொற்களையும் தனித்தனியாகப் பிய்த்துப் பட்டியலும் போடுகிறோம். ஜப்பானிய வகுப்பில் மாணவனாக உட்கார்ந்து அவமானப்பட்ட பிறகே எங்கள் வகுப்பில் நாங்கள் செய்துவந்தது என்னவென்று உறைத்தது.

தேர்வுக்கு இதுதானே வழி என்ற வாதமும் நிற்காது. 1984இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2010இல் திருத்தப்பட்டபோது, நிலைவாரியான சொற்பட்டியலை வெளியிடும் வழக்கத்தையே அதை நடத்துபவர்கள் கைவிட்டார்கள். உச்சநிலையான முதல் நிலையில் ஒரு வினாப்பகுதி உண்டு: ஒரு சொல்லைக் கொடுத்து, அது நான்கு வாக்கியங்களில் எதில் சரியாக அமர்ந்திருக்கிறது என்று கேட்பார்கள். பொருள் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். துணைச்சொல் தெரிந்தவனே தப்புவான். ஏணித்தாளைக் கரைத்துக் குடித்தவர்கள் வழுக்குவது அந்த இடத்தில்தான். அதன்பிறகும் அவர்கள் தேடிப்போவது இன்னும் நீண்ட ஓர் ஏணியை.

காலம் போதாது, முதலில் ஏணி, பிறகு நுட்பம் என்பது கடைசி வாதம். இதில் பாதி நியாயம் உண்டு. தொடக்க நிலையில் 'தொத்தெமோ' ஒன்றை வைத்துக்கொண்டே ஊர் சுற்றிவரலாம்; யாரும் குறைசொல்லமாட்டார்கள். நம் சண்டை மேல்நிலையில் நடப்பதைப் பற்றியது. அங்கே நூறு மிகுதிச் சொற்களை அறிந்து ஒன்றையும் அமர்த்தத் தெரியாதவனைவிட, பத்தை அவற்றின் துணைகளோடு அறிந்தவன் நல்ல ஜப்பானியம் எழுதுவான்.

நாங்கள் மூவரும் இப்போது ஒரு பொதுக்குறிப்பேடு வைத்திருக்கிறோம். தலைப்புகள் எல்லாம் பெயர்ச்சொற்கள்: மழை, போட்டி, நாற்றம், வலி, பிழை, சாவு. செய்தித்தாளிலோ நாவலிலோ அந்தப் பெயரோடு எந்த மிகுதிச் சொல் வந்து ஒட்டியது, யார் யாரிடம் சொன்னது என்று வாக்கியத்தோடு எழுதிக்கொள்கிறோம். மழைக்கு நான்கு பக்கங்கள் நிறைந்துவிட்டன. 'நன்றி' என்று ஒரு பக்கம் தொடங்கினோம். மூத்தவர்க்கு எழுதும் கடிதத்தில் வரும் 'மகொத்தோனி'யைத் தாண்டி அதில் அதிகம் சேரவில்லை. எங்கள் நண்பர் 'ஹனஹதஷீ'க்கு மூலமான 'ஹனஹத' மன்னிப்புக் கோரும் வாக்கியத்தில் மிகப் பணிவாக வரக் கண்டு, சென்ற வாரம் அதை வெற்றிக்களிப்போடு 'பிழை' என்ற பக்கத்தில் எழுதினார். முன்பு கண்டித்த அதே ஆசிரியை அதைப் பார்த்துத் தலையசைத்தார். 'நக்கநக்க' என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தோம். அது மேலிருப்பவர் கீழிருப்பவரைத் தட்டிக்கொடுக்கும் சொல். வயதில் எங்களைவிட இளையவர் என்பதாலோ என்னவோ, அவர் அதைச் சொல்லவில்லை.